நீரிழிவு மருத்துவர் ஜாஸ்லின்

பிணி தீர்க்கும் கலையை ஆராய்ந்த திருவள்ளுவர், அது மருத்துவன் ஒருவனால் மட்டும் முடிவதன்று எனக் கண்டார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தூட்டும் துணைவன் ஆகிய நான்கும் ஒன்றுகூடிய இடத்தில்தான் மருத்துவம் நிறைவு பெறும் என்பது அவர் துணிபு. உலகமோ நெடுங்காலம் இந்நான்கனுள் இரண்டையே பெரிதாகப் போற்றிற்று. மருத்துவனைப் புகழ்ந்தது, மருந்தைத் தேடியது. நோயுற்றவனையும் அவன் அருகிருந்தவனையும் சொன்னதை வாய் திறவாது செய்வோராகவே கருதிற்று. அவ்விருவர் கையிலும் அறிவைக் கொடுத்து, அவர்களையும் மருத்துவத்தில் பங்காளர் ஆக்கிய பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் எலியட் பிராக்டர் ஜாஸ்லின்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மாசாசூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்பது ஒரு சிற்றூர். இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்தால் பெயர்பெற்ற ஆக்ஸ்போர்டு வேறு, இது வேறு. இச்சிற்றூரில் 1869ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் ஜாஸ்லின் பிறந்தார். தந்தையார் காலணித் தொழிற்சாலை நடத்திய செல்வர். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும், ஜாஸ்லின் ஒழுங்கையும் உழைப்பையும் உயிரெனப் போற்றினார். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1890இல் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1895இல் மருத்துவரானார். 1898இல் பாஸ்டன் நகரில் தம் தொழிலைத் தொடங்கினார்.

மருத்துவ மாணவராய் இருந்த காலத்திலேயே அவர்தம் வாழ்வின் போக்கை வகுத்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 1893இல் பாஸ்டன் நகரத்துப் பொது மருத்துவமனையில் ஒரு சிறுமியை அவர் கண்டார். அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பெண் அவள். வயது 16. கொடி போல் மெலிந்து துவண்டிருந்த அச்சிறுமியை நீரிழிவு வாட்டிக்கொண்டிருந்தது. ஜாஸ்லின் அவளுடைய நோயின் இயல்பை ஒரு பேரேட்டில் முதற் பக்கத்தில் எழுதி வைத்தார். அன்று தொடங்கிய பேரேடு அவர் வாழ்நாள் முழுவதும் வளர்ந்தது. பின்னாளில் அவரை நாடி வந்த நீரிழிவு நோயாளர் ஒவ்வொருவரும் அதில் இடம் பெற்றனர். எவ்வுணவு உண்டனர், எவ்வாறு இருந்தனர், எத்துணை ஆண்டு வாழ்ந்தனர் என்பன எல்லாம் அதில் ஏறின. ஜாஸ்லினின் தாயாரையும் ஒரு காலத்தில் நீரிழிவு பற்றிற்று. அவர் உணவு நெறியை வழுவாது பின்பற்றிப் பல்லாண்டு வாழ்ந்தார். நோயாளி நெறி அறிந்து ஒழுகினால் பயன் உண்டு என்பதை ஜாஸ்லின் தம் வீட்டிலேயே கண்டறிந்தார்.

எனினும் தாயாருக்கு வந்த நோயும் அச்சிறுமிக்கு வந்த நோயும் ஒன்றல்ல. வயிற்றில் இரைப்பைக்குப் பின்னே கணையம் என்னும் உறுப்பு அமைந்துள்ளது. அதிலுள்ள நுண்ணறைகள் இன்சுலின் என்னும் நீர்மத்தைச் சுரக்கின்றன. நாம் உண்ணும் சோறும் களியும் சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து ஆற்றலாக மாறுவதற்கு இன்சுலின் திறவுகோல் போன்றது. முதியோர் பலர்க்கு வரும் நீரிழிவில் இன்சுலின் சுரந்தும் போதிய பயன் தருவதில்லை. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவிலோ, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் அறைகளை அழித்துவிடுகின்றது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது யாது? குருதியில் சர்க்கரை வெள்ளமெனப் பெருகும். உயிரணுக்களோ பசியால் வாடும். குழந்தை ஓயாது நீர் பருகும்; அடிக்கடி சிறுநீர் கழிக்கும்; எவ்வளவு உண்டாலும் இளைக்கும். இனிப்பு மிகுதியாக உண்டதால் இந்நோய் வருவதில்லை. பெற்றோர் செய்த பிழையாலும் வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவதும் இல்லை.

ஜாஸ்லின் தொழில் தொடங்கிய காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற குழந்தைகள் ஓரிரண்டு ஆண்டுகளில் மாண்டனர். உணவை மிகக் குறைத்தால் உயிர் சில காலம் நீடிக்கும் என்பதை மருத்துவர் ஆலன் என்பார் கண்டறிந்தார். ஜாஸ்லினும் அம்முறையைக் கையாண்டார். பசியால் அழும் குழந்தைக்கு உணவு கொடுத்தால் நோய் கொல்லும். கொடாவிடில் பசி கொல்லும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, ஒரு கவளத்தையும் அளந்து கொடுத்த தாய்மாரின் துயரம் சொல்லில் அடங்காது. ஆயினும் அக்கொடிய நாள்களில் ஜாஸ்லின் ஓர் உண்மையை உணர்ந்தார். மருத்துவர் நோயாளியைக் காண்பது திங்களுக்கு ஒரு நாழிகை. எஞ்சிய நேரமெல்லாம் நோயோடு வாழ்பவர் நோயாளியும் அவர் வீட்டாருமே. எனவே மருத்துவர் அறிந்ததை அவர்களும் அறிதல் வேண்டும். 1916இல் தாம் கண்ட ஆயிரம் நோயாளரின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு மருத்துவர்க்கு ஒரு பெருநூல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1918இல், மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்தத்தக்க கைந்நூல் ஒன்றையும் வெளியிட்டார். மருத்துவ அறிவு மருத்துவர்க்கே உரியது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில் இது பெரும் புதுமை.

பின்னர் இருள் நீங்கிற்று. கனடா நாட்டு டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர், மக்கிளியாட் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், 1921இல் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்னும் வேதியியல் அறிஞர் அதனைத் தூய்மை செய்தார். 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் கிடந்த சிறுவன் பிழைத்தெழுந்தான். அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஜாஸ்லின் தம் நோயாளி ஒருவர்க்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார். அவர் ஒரு செவிலியர். நெடுநாள் நோயால் எலும்பும் தோலுமாய் இருந்தவர். சில வாரங்களில் அவர் எழுந்து நடமாடினார். பட்டமரம் தளிர்த்தாற்போன்ற அக்காட்சியைக் கண்ட ஜாஸ்லின் உவகைக் கடலில் மூழ்கினார்.

நாடெங்கும் மக்கள் கொண்டாடினர். நோய் ஒழிந்தது என்றே பலர் எண்ணினர். ஜாஸ்லின் மட்டும் தம் பணி இனித்தான் தொடங்குகிறது என்று உணர்ந்தார். இன்சுலின் உயிரைக் காக்கும்; நோயை வேரறுக்காது. நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் அதனைச் செலுத்திக்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் சர்க்கரை ஏறும். மிகுந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். உண்ட உணவு, ஓடியாடிய உழைப்பு, செலுத்திய மருந்து என்னும் மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். மூன்று குதிரைகள் பூட்டிய தேராக இதனை ஜாஸ்லின் உருவகித்தார். ஒரு குதிரை அடங்காது ஓடினும் தேர் கவிழும். தேரை ஓட்டும் கை குழந்தையின் கை. அருகிருந்து கடிவாளம் பிடிக்கக் கற்பிக்கும் கை பெற்றோரின் கை.

ஆதலால் அவர் தம் மருத்துவமனையையே பள்ளிக்கூடமாக மாற்றினார். தாய்மாரும் பிள்ளைகளும் அங்கே மாணவராயினர். உணவை நிறுத்துப் பார்த்தல், கண்ணாடி ஊசிக்குழலை நீரிற் கொதிக்கவைத்தல், ஊசி போடுதல், சிறுநீரைச் சோதித்தல் ஆகிய யாவும் கற்பிக்கப்பட்டன. சோதனைக் குழாயில் பெனடிக்டு கரைசலோடு சிறுநீரைச் சேர்த்துச் சூடேற்றுவர். நீல நிறம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை; பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாற மாறச் சர்க்கரை மிகுதி. இன்று வேதியியற் கூடத்தில் மாணவர் செய்யும் இச்சோதனையை அன்று வீட்டு அடுக்களையில் சிறுவர் தம் உயிர் காக்கச் செய்தனர். வீட்டிற்குத் திரும்பிய பின்னும் ஜாஸ்லின் அவர்களைக் கைவிடவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர்களை ஊர் ஊராக அனுப்பினார். அவர்கள் நோயுற்ற பிள்ளைகளின் வீடு தேடிச் சென்று, அடுக்களையில் நின்று, தாய்க்கும் பிள்ளைக்கும் ஐயம் தெளிவித்தனர்.

1924இல் பிரிசில்லா வைட் என்னும் பெண் மருத்துவர் ஜாஸ்லினோடு சேர்ந்தார். சிறுவரின் நீரிழிவையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அவர். 1932இல் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றிய நூல் ஒன்றை எழுதினார். அவ்வாண்டிலேயே ஜாஸ்லின் பிறந்த ஆக்ஸ்போர்டு ஊரில் நீரிழிவுற்ற சிறுமியர்க்கெனக் கோடை முகாம் ஒன்று தொடங்கிற்று. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த மனை அது. 1948இல் சிறுவர்க்கெனச் சார்ல்டன் என்னும் ஊரில் ஒரு முகாம் அமைந்தது. அங்கே பிள்ளைகள் நீந்தினர், ஆடினர், பாடினர், உரிய வேளையில் தாமே ஊசியும் போட்டுக்கொண்டனர். வீட்டில் தனக்கு மட்டுமே இத்துன்பம் என்று கண்ணீர் வடித்த பிள்ளை, தன்னைப் போன்றோர் பலர் சிரித்து விளையாடுவதைக் கண்டு தேறியது.

ஜாஸ்லினின் நெறி எல்லாராலும் ஏற்கப்படவில்லை. குழந்தை விரும்பியதை உண்ணட்டும், மயக்கம் வாராமல் இருந்தாற் போதும் என்று வாதிட்ட மருத்துவர்கள் அக்காலத்தில் இருந்தனர். இத்துணைக் கட்டுப்பாடு பிள்ளையின் மகிழ்ச்சியைப் பறிக்கும் என்றனர். ஆண்டுகள் பல கழிந்தபின் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவதைக் கண்ட ஜாஸ்லின், சர்க்கரையை ஒழுங்கில் வைப்பதே அக்கேட்டைத் தடுக்கும் எனத் திண்ணமாக நம்பினார். நம்பினாரேயன்றி, ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சான்று அவர் காலத்தில் கிடைக்கவில்லை. அவர் காட்டிய கண்டிப்பிலும் ஒரு குறை இருந்தது. கரைசல் நீலமாக நில்லாதபோது, தாம் தவறிழைத்தவர் போலச் சில பிள்ளைகள் நாணினர். எண்ணும் நிறமும் நோயின் நிலையைக் காட்டுவன. பிள்ளையின் குணத்தைக் காட்டுவன அல்ல. இவ்வுண்மையை உலகம் முழுதும் உணரப் பின்னும் காலம் பிடித்தது.

கண்டிக்கத் தெரிந்த ஜாஸ்லினுக்குப் பாராட்டவும் தெரிந்திருந்தது. 25 ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தும் உறுப்புகள் கெடாது நலமாக இருப்போர்க்கு வெற்றிப் பதக்கம் வழங்க ஏற்பாடு செய்தார். ஒரு சிறுவன் தன் நாய்க்குட்டியோடு படகில் அமர்ந்து, எழுகின்ற ஞாயிற்றை நோக்கிச் செல்வதாக அப்பதக்கத்தில் உருவம் பொறிக்கப்பட்டது. போர்க்களத்தில் வென்றோர்க்குப் பதக்கம் தரும் உலகில், நாள்தோறும் ஊசியின் வலியைப் பொறுத்து வென்றோர்க்கும் பதக்கம் உண்டு என்று காட்டினார். முதுமையிலும் அவர் ஓய்வை நாடவில்லை. 1962ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், தம் 92ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழிந்தபின், 1993இல், அவர் நாடிய சான்று கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுற்ற 1,441 பேரைப் பல்லாண்டு ஆராய்ந்த அறிஞர்கள் தம் முடிபை வெளியிட்டனர். அவர்களுள் 13 வயதினர் முதல் 39 வயதினர் வரை இருந்தனர். சர்க்கரையைச் செவ்விய ஒழுங்கில் வைத்தோர்க்குக் கண் கெடும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. நரம்புக் கேடு 60 பங்கும் சிறுநீரகக் கேடு 50 பங்கும் குறைந்தன. அதே வேளையில், சர்க்கரை மிகத் தாழ்ந்து துன்புறுதல் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. ஜாஸ்லின் கூறியது மெய். அதனைக் கடைப்பிடிக்க விழிப்பும் துணையும் வேண்டும் என்பதும் மெய்.

அத்துணை யார்? 12, 13 வயதில் பிள்ளையின் உடல் வளர்கின்றது. வளர்ச்சிக்குரிய சுரப்புகள் இன்சுலினின் ஆற்றலைத் தடுப்பதால், நேற்றுப் போதிய அளவு இன்று போதாது. மனமும் வளர்கின்றது, தன் செயலைத் தானே செய்ய விழைகின்றது. அப்பருவத்தில் பெற்றோர் சிலர், பிள்ளை பெரியவனாகி விட்டான் என்று முற்றும் விலகிவிடுகின்றனர். வேறு சிலர் அச்சத்தால் ஓயாது கண்காணிக்கின்றனர். எண் மிகுந்தால் சினக்கின்றனர். சினத்திற்கு அஞ்சிய பிள்ளை எண்ணை மறைக்கின்றது. மறைத்த எண் நோயை வளர்க்கின்றது. ஜாஸ்லின் பெயரால் பாஸ்டனில் விளங்கும் மருத்துவமனையில் இதனை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஊசியையும் சோதனையையும் பெற்றோரும் பிள்ளையும் பங்கிட்டுச் செய்யப் பழகிய குடும்பங்களில் பூசல் குறைந்தது; மற்றக் குடும்பத்துப் பிள்ளைகளைக் காட்டிலும் அக்குடும்பத்துப் பிள்ளைகளுள் மிகுதியானோர்க்குச் சர்க்கரை நிலை சீர்பட்டது. நீந்தக் கற்பிக்கும் தந்தை பிள்ளையை நடுக்கிணற்றில் விட்டுக் கரையேறுவதில்லை. எந்நேரமும் தூக்கிப் பிடித்திருப்பதும் இல்லை. கைக்கெட்டும் தொலைவில் நின்று, சிறிது சிறிதாகப் பிடியைத் தளர்த்துகின்றார். நோய் காக்கும் பொறுப்பையும் அவ்வாறே கைமாற்ற வேண்டும்.

ஜாஸ்லின் காட்டிய நெறி நம் நாட்டிற்கும் உரியது. சென்னை இராயபுரத்தில் மருத்துவர் மு. விசுவநாதன் 1954இல் தொடங்கிய மருத்துவமனை, பின்னாளில் நீரிழிவுக்கே உரியதாக வளர்ந்தது. நம் நாட்டுத் தானியங்களையும் நார்ப்பொருள் மிகுந்த உணவையும் ஏற்றவாறு அமைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவர் அவர். ஜாஸ்லினின் செவிலியர் வீடு தேடிச் சென்றதைப் போல, மருத்துவம் மக்களைத் தேடிச் செல்லும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிற்று. அது தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் சிற்றூர். அத்திட்டம் பெரியோர்க்கு வரும் நோய்களையே பெரிதும் கருதியது. ஆயினும் மருத்துவம் வீட்டு வாயிலை மிதிக்க வேண்டும் என்னும் கருத்து ஒன்றே.

அம்மாவட்டத்து ஓசூர் கருநாடக எல்லையை ஒட்டிய தொழில் நகரம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் அங்கே ஒருங்கே ஒலிக்கின்றன. ஆலைகளில் ஷிப்டு முறையில் வேலை நடக்கின்றது. தந்தை இரவு ஷிப்டிலும் தாய் காலை ஷிப்டிலும் உழைக்கும் இல்லங்களில், நோயுற்ற பிள்ளையின் ஊசிக்கும் உணவுக்கும் அருகிருப்பவர் யார் என்பதை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு குறிப்பேட்டில் சோதித்த எண்ணையும் செலுத்திய அளவையும் பிள்ளை எழுதினால், வேலை முடிந்து வந்தவர் அதனைப் பார்த்து அறியலாம். கேழ்வரகுக் களி உடலுக்கு உரமூட்டுவது. ஆயினும் அதுவும் சர்க்கரையாக மாறுவதே. கிருஷ்ணகிரி மாம்பழத்தை அறவே விலக்க வேண்டுவதில்லை. அளவறிந்து உண்டு, அதற்கேற்ற மருந்தை மருத்துவரிடம் கேட்டறிதல் தகும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், இரு மண்பானைகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து, இடையில் ஈரமணல் இட்டு, இன்சுலினை வெப்பம் தாக்காது காக்கலாம்.

பள்ளியிலும் நண்பர்க்குச் சில உண்மைகள் தெரிந்திருத்தல் நலம். நோயுற்ற தோழனுக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், கடும்பசி, மனக்குழப்பம் தோன்றினால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி. உணர்வோடு இருப்பின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். உணர்விழந்தால் வாயில் எதனையும் இடாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சில் பழமணம் ஆகியவை தோன்றினால், இன்சுலின் குறைந்து உயிர்க்கு இடர் நேர்ந்துள்ளது என்று கொண்டு, அப்போதும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். எவர் சொல்லினும், எம்மருந்து தரினும், இன்சுலினை மட்டும் நிறுத்தலாகாது.

ஜாஸ்லின் மருந்து எதனையும் கண்டுபிடித்தவர் அல்லர். பிறர் கண்ட மருந்தைக் கொண்டு வாழும் வழியை நோயுற்றோர்க்குக் கற்பித்தவர். கற்பித்த அறிவு ஒரு தலைமுறையோடு மறையாது. தாயிடமிருந்து மகளுக்கும், நோயுற்றவரிடமிருந்து நோயுற்றவர்க்கும் அது பரவுகின்றது. ஒரு பிள்ளை தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ள, அன்னை அருகில் நின்று அதனைக் கண்டு ஊக்கும் இல்லங்களிலெல்லாம் ஜாஸ்லினின் பணி இன்றும் நடைபெறுகின்றது.